நடுரோட்டில் நின்றுபோன சக்கர நாற்காலி: பெர்க்லி மையம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி ஒன்று இரவு பதினொரு மணிக்கு நடுரோட்டில் நின்றுபோகிறது. அதில் உட்கார்ந்திருப்பவருக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. பைக் பஞ்சரானால் நாம் ஓரங்கட்டிவிட்டு ஆட்டோ பிடித்து வீடு போய்ச் சேர்வோம். அவரால் இறங்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. அந்தக் காலத்து மின்நாற்காலிகள் வீட்டுக் கூடத்தையும் மருத்துவமனைத் தாழ்வாரத்தையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. கடைவீதியிலும் கல்லூரி மேட்டிலும் ஓட்டினால் அடிக்கடி மக்கர் பண்ணும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், 1970-இல், கை கால் செயலிழந்த மாணவர்கள் சிலர் தங்களுக்கான சேவை அமைப்பைத் தாங்களே தொடங்கினார்கள். தலைப்பில் உள்ள மையம், ‘தற்சார்பு வாழ்வு மையம்’, பிறகு அதிலிருந்து பிறந்ததுதான். அவர்கள் முதலில் ஏற்பாடு செய்துகொண்டவற்றில் ஒன்று, எந்நேரம் கூப்பிட்டாலும் வந்து நாற்காலியைச் சரிசெய்ய ஓர் ஆள்.

இதை முன்னால் வைக்கக் காரணம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான சேவை என்று பேச்செடுத்தாலே நம் செய்திகளில் ‘வழங்கினார்’ என்ற வினைச்சொல் ஓடிவந்துவிடும். மூன்று சக்கர சைக்கிள் வழங்கினார், காதொலிக் கருவி வழங்கினார், ஊன்றுகோல் வழங்கினார். போட்டோவும் எடுத்தாகிவிடும். ஆறு மாதம் கழித்து டயர் கிழிந்தால் யாரைக் கேட்பது? எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையோரம், முகாமில் வாங்கிவந்த மூன்று சக்கர சைக்கிள் ஒன்று வெகுநாளாகத் துணி காயப்போடப் பயன்படுகிறது. கொடுப்பவருக்குப் பொருள்தான் கணக்கு. ரிப்பேரைப் பற்றிய கவலை அதில் உட்கார்ந்து போகிறவருக்குத்தான் வரும். பெர்க்லியில் அப்படி உட்கார்ந்து போகிறவர்களே நிர்வாகத்தைக் கையில் எடுத்தார்கள். அதனால் எது மாறியது, எங்கே அது போதவில்லை என்பதைத்தான் பார்க்கப்போகிறேன்.

‘வேலைக்கு லாயக்கில்லை’

எட் ராபர்ட்ஸ் 1939-இல் பிறந்தவர். 1953-இல், பதினான்கு வயதில், இளம்பிள்ளைவாதம் தாக்கியது. இரண்டு கைவிரல்களும் சில கால்விரல்களும் மட்டுமே அசைந்தன. மூச்சுவிடவே இயந்திரம் வேண்டும். இரும்பு நுரையீரல் என்று அழைக்கப்பட்ட அந்த உருளைக்குள், தலை மட்டும் வெளியே நீட்டியபடி படுத்திருக்க வேண்டும். பிழைத்தாலும் வெறும் காய்கறியாகத்தான் கிடப்பான் என்று மருத்துவர் தாயிடம் சொல்லியிருக்கிறார். பின்னாளில் ராபர்ட்ஸ் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: காய்கறிதான் என்றால் நான் ஆர்ட்டிசோக், வெளியே முள், உள்ளே மென்மை. நம்மூர்க்காரராக இருந்தால் பலாப்பழம் என்றிருப்பார்.

பள்ளிப்படிப்பைத் தொலைபேசி வழியாக முடித்தார். உடற்பயிற்சி வகுப்புக்கும் கார் ஓட்டும் பயிற்சிக்கும் வரவில்லை என்று சொல்லிச் சான்றிதழ் தர மறுத்தார்கள். தாய் ஸோனா பள்ளி நிர்வாகக் குழுவோடு மல்லுக்கட்டி வாங்கிக்கொடுத்தார். அடுத்து மாநில அரசின் மறுவாழ்வுத் துறை. படிப்புச் செலவுக்கு உதவ வேண்டிய அந்தத் துறை, இவ்வளவு கடுமையான ஊனம் உள்ளவர் வேலைக்கே லாயக்கில்லை என்று கோப்பை மூடியது. விஷயம் பத்திரிகைக்குப் போன பிறகுதான் கோப்பு மறுபடி திறந்தது.

1962-இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. தங்க இடம் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 360 கிலோ எடையுள்ள இரும்பு நுரையீரலை விடுதி அறையின் தரை தாங்காது. மாணவர் நலப் பிரிவை நடத்திய டாக்டர் ஹென்றி ப்ரூயின் ஒரு வழி சொன்னார்: வளாகத்திலேயே இருக்கும் கவெல் மருத்துவமனையில் ஓர் அறையை விடுதி அறையாக வைத்துக்கொள்ளட்டும். நோயாளியாக அல்ல, குடியிருப்பவராக. ராபர்ட்ஸின் தம்பி ரான் உதவியாளராக வந்தார். மறுவருஷம் ஜான் ஹெஸ்லர் என்ற இன்னொரு மாணவர் சேர்ந்தார். அறுபதுகளின் முடிவில் ஏறத்தாழ ஒரு டஜன் பேர் ஆகிவிட்டார்கள். ‘ரோலிங் க்வாட்ஸ்’ என்று தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். நாலு கைகால்களும் விழுந்தும் உருண்டோடும் கூட்டம் என்ற பொருளில் வைத்த குறும்பான பெயர் அது.

தனித்தனியாக வீட்டில் கிடந்திருந்தால் ஒவ்வொருவரும் தன் தலையெழுத்து என்று நினைத்திருப்பார்கள். ஒரே மாடியில் சேர்ந்து வாழ்ந்தபோது, எல்லாருக்கும் ஒரே மாதிரி இடத்தில்தான் இடிக்கிறது என்று தெரிந்துபோயிற்று. 1969-இல் மறுவாழ்வுத் துறையின் ஆலோசகர் ஒருவர், யார் எந்தப் பாடம் எடுக்க வேண்டும், எவ்வளவு மதிப்பெண் வாங்க வேண்டும் என்றெல்லாம் கட்டளையிட்டார். இரண்டு பேரின் உதவித்தொகையை நிறுத்தவும் பார்த்தார். அத்தனை பேரும் திரண்டு பத்திரிகைகளுக்குப் போனார்கள். ஆலோசகர் வேறிடத்துக்கு மாற்றப்பட்டார். அந்த வெற்றியின் சூட்டோடு 1970-இல் பிறந்ததுதான் மாணவர்களுக்கான சேவைத் திட்டம். உதவியாளர் பட்டியல், நாற்காலி ரிப்பேர், படியில்லாத வீடுகளின் விவரம், பார்வையற்ற மாணவர்களுக்குப் படித்துக்காட்ட ஆட்கள். அலுவலகம் திறந்ததுமே மாணவர் அல்லாதவர்களும் போன் போடத் தொடங்கினார்கள். அவர்களுக்காகத்தான் 1972-இல் ‘தற்சார்பு வாழ்வு மையம்’ தனி அமைப்பாகப் பதிவானது. மத்திய அரசு நிதி 50,000 டாலர். அலுவலகம் ஒரு வாடகைக் குடியிருப்பு.

யார் யாரை நேர்காணல் செய்வது

மையத்தின் உயிர்நாடி உதவியாளர் ஏற்பாடு. எழுப்பி உட்காரவைக்க, குளிப்பாட்ட, உடுத்திவிட, ஊட்டிவிட ஆள் வேண்டும். வழக்கமான முறையில் ஒரு நிறுவனமோ மருத்துவமனையோ ஆளை அனுப்பும். எப்போது எழ வேண்டும், எப்போது படுக்க வேண்டும் என்பதை அந்த ஆளின் வேலைநேரம் தீர்மானிக்கும். இரவு எட்டரைக்கு உதவியாளர் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முப்பது வயது மனிதர் எட்டு மணிக்கே படுத்தாக வேண்டும்.

மையம் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. வேலை தேடி வருகிறவர்களின் பட்டியலை மட்டும் மையம் தரும். நேர்காணல் செய்வது, தேர்ந்தெடுப்பது, வேலை கற்றுக்கொடுப்பது, சரியில்லையென்றால் அனுப்பிவிடுவது எல்லாம் உதவி பெறுபவர் பொறுப்பு. சம்பளப் பணம் பெரும்பாலும் அரசின் வீட்டு உதவித் திட்டத்திலிருந்து வரும். முதலாளி மட்டும் நாற்காலியில் இருப்பவர். சொல்ல எளிது. பதினைந்து வருஷம் மற்றவர் தூக்கிய இடத்தில் உட்கார்ந்தே பழகியவருக்கு, ‘காலுறையை இப்படிப் போடுங்கள், மடிப்பு இருந்தால் புண்ணாகிவிடும்’ என்று ஓர் அந்நியரிடம் கூசாமல் சொல்ல வரவேண்டுமே. அதைப் பழக்கத்தான் சக ஆலோசனை. பத்து வருஷமாக நாற்காலியில் இருப்பவர், போன மாதம் விபத்தில் முதுகெலும்பு முறிந்தவரிடம் பேசுவார். சிறுநீர்க் குழாயிலிருந்து காதல், கல்யாணம் வரை எல்லாம் அந்தப் பேச்சில் அடங்கும்.

‘தன் கையே தனக்குதவி’ என்று கேட்டு வளர்ந்த நமக்குத் தற்சார்பு என்றால் பிறர் கையை எதிர்பாராமல் இருப்பது. இவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். தானே சட்டை மாட்டிக்கொள்ள இரண்டு மணி நேரம் ஆகி, களைத்துப்போய் வீட்டிலேயே தங்கிவிடுபவர் ஒருவர். உதவியாளர் கால்மணி நேரத்தில் உடுத்திவிட, வேலைக்குக் கிளம்பிப் போகிறவர் இன்னொருவர். யார் தற்சார்பானவர்? இந்த இயக்கத்தார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கை யாருடையதாகவும் இருக்கலாம், எங்கே போவது என்பதை நான் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு பங்கு தாய்மாருக்கு உண்டு. ராபர்ட்ஸ் தன் தாய் வாழ்நாளெல்லாம் தனக்குத் தாதியாக இருக்கக் கூடாது என்றுதான் வெளியே வந்தார். ‘எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யார் பார்த்துப்பா’ என்று நம் வீடுகளில் கேட்கும் குரலுக்கு, அண்ணன் தம்பியைக் கைகாட்டாத ஒரு பதில் அங்கே இருந்தது.

ஊரும் மாறத் தொடங்கியது. நடைபாதை முனைகளைச் சரிவாக்க 1971-இல் பெர்க்லி நகரமன்றம் முடிவெடுத்தது. மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹேல் ஸூகஸ், மூளை முடக்குவாதத்தால் பேச்சு தெளிவாக வராதவர். தலையில் கட்டிய குச்சியால் எழுத்துப் பலகையைத் தொட்டுத் தொட்டுப் பேசுவார். அப்பகுதியின் பார்ட் ரயில் நிலையங்கள் நாற்காலியில் வருகிறவர்களுக்கு ஏற்றதாக அமைய உழைத்தவர்களில் அவர் முக்கியமானவர். 1975-இல் இன்னொரு வேடிக்கை நடந்தது. கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரௌன், மாநில மறுவாழ்வுத் துறைக்குத் தலைவராக ராபர்ட்ஸை நியமித்தார். வேலைக்கு லாயக்கில்லை என்று கோப்பை மூடிய அதே துறை. அந்தப் பதவியில் இருந்துகொண்டு மாநிலத்தின் மற்ற ஊர்களிலும் இத்தகைய மையங்களை அவர் ஏற்படுத்தினார்.

அதே ஊரில் இன்னொரு பாதை

பெர்க்லியில் அப்போது காது கேளாதோரும் நிறைய இருந்தார்கள். கலிஃபோர்னியா காது கேளாதோர் பள்ளி 1869 முதல் அந்த ஊரில்தான் இயங்கியது. 1980-இல்தான் ஃப்ரீமாண்டுக்கு இடம் மாறியது. அவர்களுக்கு ஆலோசனையும் பரிந்துரையும் தர அவர்களே நடத்தும் தனி அமைப்பு 1962-இலேயே அப்பகுதியில் உருவாகிவிட்டது. அதாவது ராபர்ட்ஸ் பெர்க்லி வாசலை மிதித்த அதே வருஷம். பிறகு ஏன் எல்லாரும் ஒரே குடையின் கீழ் வரவில்லை?

தேவை வேறு என்பது மேலோட்டமான பதில். நாற்காலிக்காரருக்குச் சாய்தளம், காது கேளாதவருக்கு மொழிபெயர்ப்பாளர். ஆழத்தில் இருப்பது வரலாறு. நாற்காலிக்காரருக்கு ‘இல்லம்’ என்பது சிறை. அதிலிருந்து தப்பிப்பதுதான் விடுதலை. காது கேளாதவருக்கு உறைவிடப் பள்ளி தாய்வீடு. காது கேளாத பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கின்றன. வீட்டில் யாருக்கும் சைகை மொழி தெரியாது. மற்ற மொழிகள் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும், இந்த மொழியோ விடுதியில் பெரிய பிள்ளைகளிடமிருந்து சின்னப் பிள்ளைகளுக்குப் போனது. 1880-இல் காது கேளாதோர் கல்வி குறித்து நடந்த மிலான் மாநாடு சைகையை ஒதுக்கிவிட்டுப் பேச்சுப் பயிற்சியே போதும் என்று தீர்மானித்த பின், பல நாடுகளில் வகுப்பறைகளிலிருந்து சைகை விரட்டப்பட்டது. விளக்கணைந்த பிறகு விடுதித் தாழ்வாரங்களில் அது பிழைத்திருந்தது. அமெரிக்கச் சைகை மொழி முழுமையான இலக்கணம் கொண்ட ஒரு மொழி என்று வில்லியம் ஸ்டோகோ 1960-இல் எழுதிக்காட்டும் வரை, படித்தவர்கள்கூட அதை வெறும் ஜாடை என்றே நினைத்தார்கள்.

ஆகவே ‘எல்லாரோடும் சேர்ந்து, பக்கத்துப் பள்ளியில்’ என்ற முழக்கம் நாற்காலிக்காரர்களுக்கு இனித்தது, காது கேளாதோரில் பலருக்குக் கசந்தது. நாற்பது பிள்ளைகள் நடுவே ஒரே ஒரு காது கேளாத குழந்தையை உட்காரவைத்தால் காகிதத்தில் அது ஒருங்கிணைப்பு. அந்தக் குழந்தைக்கு அது பேச்சுத்துணையற்ற தனியறை. இன்றும் நம் திட்டங்கள் எல்லா ஊனத்துக்கும் ஒரே சட்டை தைப்பதைப் பார்க்கும்போது, இந்த ஒரு இடத்தையாவது நின்று கவனித்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் ரிப்பேர் விஷயத்தில் இரு தரப்பும் அண்ணன் தம்பிதான். தொலைபேசி வந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் காது கேளாதவருக்கு அது வெறும் கறுப்புப் பெட்டி. டாக்டருக்கு ஒரு தகவல் சொல்லக்கூட அண்டை வீட்டாரைக் கெஞ்ச வேண்டும். பிறவியிலேயே காது கேளாத இயற்பியலாளர் ராபர்ட் வைட்பிரெக்ட், 1964-இல் பழைய தந்தி அச்சுப்பொறியைச் சாதாரணத் தொலைபேசியோடு இணைக்கும் கருவியைச் செய்தார். இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் எழுத்தாக வரும். தந்தி நிறுவனங்கள் கழித்துப்போட்ட, ஆள் உயரம் இல்லாவிட்டாலும் ஆள் கனம் இருக்கும் அந்த இரும்பு இயந்திரங்களைக் காது கேளாத தொண்டர்களே வண்டியில் ஏற்றிவந்து, கார் கொட்டகையில் வைத்துத் துடைத்து, எண்ணெய் போட்டு, வீடு வீடாக இறக்கினார்கள். பெர்க்லியின் நாற்காலிப் பட்டறையும் இந்தக் கார் கொட்டகைகளும் ஒரே ஜாதி.

ஜன்னலில் பேசியவர்கள்

இரண்டு பாதையும் சேர்ந்தது 1977-இல். மத்திய அரசுப் பணம் வாங்கும் எந்தத் திட்டத்திலும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு சொன்னது. விதிமுறைகளில் கையெழுத்தாகாமல் அது காகிதமாகவே கிடந்தது. கிட்டத்தட்ட நான்கு வருஷம். புதிதாக வந்த சுகாதார, கல்வி, நலத்துறைச் செயலர் ஜோசஃப் கலிஃபானோ மறுபரிசீலனை என்று இழுத்தார். மாற்றுத்திறனாளி அமைப்புகளின் தேசியக் கூட்டணி கெடு வைத்தது. அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த ஃப்ராங்க் போ காது கேளாதவர்.

ஏப்ரல் 5 அன்று பல நகரங்களில் அத்துறையின் அலுவலகங்கள் முற்றுகையிடப்பட்டன. மற்ற ஊர்களில் சீக்கிரமே முடிந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் நான்காம் மாடியை விட்டு நகரவில்லை. முன்னின்று நடத்தியவர்கள் பெர்க்லி மையத்தைச் சேர்ந்த ஜூடி ஹ்யூமனும் கிட்டி கோனும். இரவில் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் ஆட்கள் வெறும் தரையில் படுத்தார்கள். குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளுக்காக ஏசி மேல் ஒரு பெட்டியை ஒட்டிக் குளிர்பெட்டி ஆக்கினார்கள். கறுப்பின உரிமைகளுக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியினர் தினமும் சுடச்சுடச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அக்கட்சியின் பிராட் லோமாக்ஸ், தசைகள் தளரும் நரம்பு நோயோடு, உள்ளே இருந்தார்.

அதிகாரிகள் தொலைபேசி இணைப்புகளைத் துண்டித்தார்கள். கட்டடம் ஊமையாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். உள்ளே இருந்த காது கேளாதவர்கள் ஜன்னலோரம் போய் நின்று, கீழே கூடியிருந்தவர்களிடம் சைகையில் பேசத் தொடங்கினார்கள். நாலு மாடி உயரத்துக்கு எந்தக் குரலும் தெளிவாக எட்டாது, கை எட்டியது. செய்தி போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு காலத்தில் வகுப்பறையிலிருந்து விரட்டப்பட்ட மொழிதான் முற்றுகையின் தபால்காரராக வேலை பார்த்தது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

ஏப்ரல் 28-இல் கலிஃபானோ கையெழுத்திட்டார். வாசகங்களைச் சரிபார்த்துவிட்டு 30-ஆம் தேதிதான் வெளியே வந்தார்கள். அந்தப் பாதையில் அடுத்த பெரிய படி 1990-இன் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம். காது கேளாதவர் தட்டச்சு செய்வதை இடையில் இருப்பவர் மறுமுனையில் வாசித்துச் சொல்லும் தொலைபேசி இடைச்சேவையை 1993-க்குள் நாடு முழுக்கத் தர வேண்டும் என்று அது தொலைபேசி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. அண்டை வீட்டாரைக் கெஞ்சிய காலம் அத்தோடு முடிந்தது.

போதாமைகள்

மெச்சிக்கொண்டே போனால் ஆய்வு ஆகாது. முதலாவது, இந்த முறை வாய் உள்ள பிள்ளைகளுக்கு வாகாக அமைந்தது. தொடங்கியவர்கள் பல்கலைக்கழகம் படித்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள், இளவயதினர். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர் எப்படி ஆளை நேர்காணல் செய்வார், யார் துணையோடு முடிவெடுப்பார் என்ற கேள்வி வெகுகாலம் ஓரத்திலேயே இருந்தது. இரண்டாவது, நிறம். கறுப்பின மக்கள் வாழும் கிழக்கு ஆக்லாந்தில் கிளை வேண்டும் என்று 1975-இல் லோமாக்ஸ் போய்க் கேட்க வேண்டியிருந்தது. மூன்றாவது, உதவியாளர்கள். குறைந்த கூலி, பெரும்பாலும் பெண்கள். ஒருவரின் விடுதலை இன்னொருவரின் மலிவான உழைப்பின் மேல் நிற்கிறதா என்ற சங்கடத்துக்கு அந்த இயக்கம் முழுப் பதில் சொல்லவில்லை. நானும் சொல்ல முடியாது.

இப்போது அமெரிக்காவில் இத்தகைய மையங்கள் நானூறுக்கு மேல். அரசு நிதி பெற வேண்டுமென்றால் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் மாற்றுத்திறனாளிகள் இருக்க வேண்டும் என்பது சட்டம். பெர்க்லி பாடத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரே வரி எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

அந்த எண்ணம் நம் சட்டத்துக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கிறது. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு சமூகத்தில் தற்சார்பாக வாழும் உரிமையைப் பேசுகிறது. இந்தியா அதை 2007-இல் ஏற்றது. நமது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தனிப்பட்ட உதவியாளர் உள்ளிட்ட சமூக ஆதரவுச் சேவைகள் கிடைக்க அரசு முயல வேண்டும் என்கிறது. ‘முயல வேண்டும்’ என்ற அந்தச் சொல்லில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது பாருங்கள். சைகை மொழிக்கு டெல்லியில் 2015-இல் தேசிய ஆய்வு, பயிற்சி மையம் அமைந்தது. 2018-இல் 3,000 சொற்களோடு வந்த அதன் அகராதி 2021-இல் 10,000 ஆனது. சொற்கள் பெருகியது நல்லதே. ஆனால் மாவட்ட மருத்துவமனையில், காவல் நிலையத்தில், அந்தச் சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் காது கேளாதவர் உட்கார்ந்திருக்கிறாரா என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

எட் ராபர்ட்ஸ் 1995 மார்ச்சில் காலமானார். அவருடைய சக்கர நாற்காலி இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பந்தயக் காரில் இருப்பது போன்ற சாயும் இருக்கை. பின்னால் மூச்சுக் கருவி வைக்க இடம். முன்பக்கம், இருட்டிய பிறகும் வெளியே சுற்றுவதற்காக அவர் மாட்டிக்கொண்ட ஒரு ஹெட்லைட்.